கொடுக்கில்லாத நண்டுகள்

பறிக்கூடையைக் கவிழ்த்ததும் நண்டு தொட்டித் தண்ணீரில் விழுந்தது. அடிவரை இறங்கி, பக்கவாட்டில் ஓடி, ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரேயடியாகக் குனிந்ததில் தொட்டிக்குள் இருட்டாகிவிட்டது.

“தள்ளி நில்லுங்க. நண்டு தெரியணும்னா வெளிச்சம் வோணும் இல்ல?” என்றாள் பறியைக் கவிழ்த்தவள்.

தலைகள் விலகின. ஒரு சிறுமி மட்டும் விலகவில்லை.

“இதுக்கும் இல்ல,” என்றாள். “நான்தான் சொன்னேனே. கடல் நண்டுக்குத்தான் கொடுக்கு. இந்த ஏரிக் கழி நண்டுக்குக் கொடுக்கு கிடையாது.”

“ஏன் கிடையாது?” என்று கேட்டார் வாத்தியார்.

“கடல்ல அலை அடிக்குது. எதையாவது புடிச்சிக்கினாத்தான் இருக்க முடியும். ஏரியில அலை இல்ல. கொடுக்கு எதுக்கு?”

மற்ற பிள்ளைகளுக்கு இது சரியாகப் பட்டது. ஏற்கனவே மூலையில் கிடந்த இரண்டு நண்டுகளுக்கும் கொடுக்கு இல்லை. ஒருவன் கரிக்கட்டையை எடுத்துப் பலகையில் ஒரு வட்டமும் அதற்கு எட்டுக் கால்களும் போட்டான். ஒல்லியான பையன் ஒருவன் மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாம நத்தையை நசுக்கிப் போட்டாத்தான் இதுங்க தின்னுது. ஏரியில யாரு நசுக்கிப் போடுவா?”

வாத்தியார் பறிக்காரியைப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்தாள். அவள் மடியில் செருகியிருந்த இரண்டு கொடுக்குகளும் ஈரப் புடவைக்குள் இருந்து வயிற்றைக் குத்தின.

அவள் பெயர் எல்லம்மா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி இரண்டு தலைமுறை ஆகியிருந்த காலம் அது. கோட்டைக்குள் கும்பினியின் துணிக் கிட்டங்கிகள் இருந்தன. சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் வாத்தியார் கோட்டையிலேயே பிறந்தவர். அப்பா ஒல்லாந்து பீரங்கிக்காரர், அம்மா குப்பத்துக்காரி. யோஹன்னஸ் என்ற பெயரைக் குப்பத்தில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. யோகன் வாத்தியார் என்றார்கள்.

கோட்டையின் தண்ணீர்வாசலுக்குப் பக்கத்தில், பூவரச மரத்தடியில், ஒரு கல்தொட்டி சும்மா கிடந்தது. சுட்டுச் சூடான பீரங்கியைக் குளிர வைக்க ஒரு காலத்தில் அதில் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். அதில் ஏரித் தண்ணீரை நிரப்பி, ஏரியில் வாழ்கிறவற்றை உயிரோடு விட்டு, வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிவந்து காட்டுவது என்பது வாத்தியாரின் யோசனை. முதல் மாதம் விட்டதெல்லாம் செத்தது. தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நாறியது. ஏரியில் சாகாதது தொட்டியில் ஏன் சாகிறது என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதையே பாடமாக வைத்துக்கொண்டார் வாத்தியார். அடியில் சேறு போட்டுப் பார்த்தார்கள். பாசிக் கொத்து கொண்டுவந்து போட்டார்கள். இறால் பாசிக்குள் போய் நின்றுகொண்டது. கெளுத்தி சேற்றைக் கிளறியது. மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாக நடுத்தண்ணீரில் சுற்றின. நிறைய விட்டால் எல்லாம் சாகும், கொஞ்சம் விட்டால் பிழைக்கும் என்பது இரண்டாவது வருஷம்தான் தெரிந்தது.

தொட்டிக்கு உயிர் கொண்டுவருவது எல்லம்மாவின் வேலை. அதற்குப் பதிலாகக் கோட்டை அகழியில் இறங்கித் தடவிக்கொள்ள அவளையும் அவளுடைய தெருப் பெண்களையும் விட்டார்கள்.

அகழி அவர்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல. ஐப்பசியில் ஏரி நிறைந்தால் தண்ணீர் ஆளை மூடும். கையால் தடவுகிறவர்களுக்கு அப்புறம் வேலை இல்லை. அகழிக்கு மட்டும் ஏரிப் பக்கம் ஒரு மதகு இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அதில் தண்ணீர் நெஞ்சளவுக்கு மேல் ஏறாது. மழை மாதங்களில் அந்தத் தெருவில் அடுப்பு எரிந்தால் அது அகழி இறாலில்தான் எரிந்தது.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாத்தியார் திரும்பி வந்தார்.

“இன்னா எல்லம்மா இது?”

“கை தானா ஒடிச்சுடுது ஐயா.”

“போன வாரமும் இதையேதான் சொன்னே.”

“போன வாரமும் தானாத்தான் ஒடிச்சுது.”

வாத்தியார் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

“நீங்க வாயால சொல்லக் கூடாதா? கொடுக்கு உண்டுடா, இந்தப் பொம்பளைதான் ஒடிச்சுட்டான்னு. நீங்க சொன்னா நம்பாமலா பூடுவாங்க?”

“நம்பிடுவாங்க. அதான் வாணாங்கறேன். அந்தப் பொண்ணு பார்த்து, யோசனை பண்ணிச் சொல்லிச்சு. தப்புதான். ஆனா பார்த்துச் சொன்ன தப்பு. பார்த்துதான் மாத்திக்கணும்.”

அந்தப் பெண் கத்தரீனா. வாசல் காவலுக்குத் தலைவனான கப்பித்தானின் மகள். குப்பத்துப் பெண்கள் அவளைக் கத்தரி என்பார்கள். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் தன் அப்பாவிடம் கழி நண்டுக்குக் கொடுக்கு கிடையாது என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினாள். கப்பித்தான் முதலில் சிரித்தான். பிறகு, அகழியைத் தடவுகிறவர்கள் உடைந்த நண்டைத்தானே தொட்டிக்குக் கொடுக்கிறார்கள் என்று யோசித்தான். அகழி அவன் பொறுப்பில் இருந்தது. கடல்புறத்துக் குப்பத்தில் துளசிங்கம் என்று ஒருவன், வீச்சுவலைக்காரன், அகழியைத் தனக்கு விடும்படி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வலையில் விழுவது முழுசாக விழும், தொட்டிக்கும் தானே கொண்டுவந்து போடுகிறேன் என்றும் சொல்லியிருந்தான்.

மறுநாள் காலை வாத்தியார் எல்லம்மாவைத் தேடிக்கொண்டு அகழிக்கரைக்கே வந்துவிட்டார்.

“வர்ற வியாழக்கிழமை கப்பித்தானே வந்து பார்க்கிறாராம். கொடுக்கோட நண்டு இருந்தா அகழி உங்களுக்கு. இல்லைன்னா துளசிங்கத்துக்கு.”

எல்லம்மா நெஞ்சளவுத் தண்ணீரில், பறியைப் பல்லில் கடித்தபடி நின்றிருந்தாள். தடவுகிற பெண்களுக்கு இரண்டு கையும் சேற்றில் வேண்டும். பறியின் வாய்க்கயிறு பல்லில் இருக்கும். அகப்பட்ட இறாலைத் தலையைத் தூக்காமலேயே உள்ளே போடுவார்கள். தண்ணீரில் இருக்கும்வரை பேச்சு கிடையாது. எல்லம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

பறியைக் கடித்துக்கொண்டே பேசத் தெரிந்தவள் ஒருத்தி உண்டு. ரங்கம்மாள். எல்லம்மாவுக்குப் பக்கத்து வீடு.

“கெட்டுது போ,” என்றாள் ரங்கம்மாள் பல்லிடுக்கில். “இவ கையி சாமி வந்து சொன்னாக் கூட கேக்காது ஐயா.”

எல்லம்மாவின் கை அப்படி ஆனதற்கு அவள் அம்மா காரணம். எல்லம்மாவை முதல் முதலாக ஏரியில் இறக்கிய அன்று அம்மா இறாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சேற்றில் கைக்கு ஓடு தட்டினால் முதலில் ஒடி, பிறகு என்னவென்று பார் என்று மட்டும் சொன்னாள். எல்லம்மா முதலில் பார்த்தாள். வலது உள்ளங்கையில் பிறைபோல ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்கப்புறம் அவள் பார்க்கவில்லை. கட்டைவிரலைக் கொடுக்கின் அடியில் கொடுத்து ஒரு அழுத்து, ஒரு முறுக்கு. மறுபக்கமும் அதே. மூச்சு விடுகிற நேரம். ஒடித்த கொடுக்கு பறிக்குள் போகாது, மடிக்குப் போகும். நண்டு சந்தைக்கு, கொடுக்கு பிடித்தவள் வீட்டுக்கு என்பது அந்தத் தெருவின் வழக்கம். பெருமாளைக் கட்டிக்கொண்டு வந்த முதல் வாரம் அவள் வைத்த கொடுக்கு ரசத்தைப் பெருமாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். அதற்குப் பிறகு வைத்ததெல்லாம் அதைப் போல இல்லை என்பதற்காக.

பெருமாள் ஏரியில் செத்த கிளிஞ்சல் வாரி, கோட்டைக்குச் சுண்ணாம்பு சுடுகிறவன். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசி முடித்து வெகுகாலம் ஆயிற்று. வியாழக்கிழமைகளில் மட்டும் எல்லம்மா விடிந்ததும் தலை வாரிக்கொண்டு போவாள். சேற்றில் இறங்கப் போகிறவளுக்குத் தலை எதற்கு என்று ரங்கம்மாள் கேட்பாள். எல்லம்மா பதில் சொல்ல மாட்டாள். தொட்டியைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கும்போது அவளும் நிற்கலாம். கையை விட்டு எதையாவது தூக்கிக் காட்டும்போது எல்லோரும் அவள் கையையே பார்ப்பார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை அகழியில் ஒரு நண்டு தட்டியது. ஒடிக்கக் கூடாது, ஒடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே கையை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் நண்டு இருந்தது. மடியில் கொடுக்குகள் இருந்தன. ஒடித்தது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

ரங்கம்மாள் சிரித்ததில் பறி பல்லிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவளுடைய இறால் பாதி தப்பித்துப் போயிற்று.

“சிரிச்சே இல்ல? நீ புடி பார்க்கலாம்.”

“நான் புடிச்சா இன்னா? உன் கையி மாதிரி பைத்தியக் கையா என்னுது?”

ரங்கம்மாள் மதகுப் பக்கம் போய்க் குனிந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தாள். கையில் நண்டு. அதைத் திருப்பிப் பார்த்தாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அன்றைக்கு அவள் பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குச்சியை நீட்டிப் பார்த்தார்கள். நண்டு குச்சியைப் பிடித்தது, தண்ணீர்மட்டம் வரை வந்தது, விட்டுவிட்டுப் போனது. மூன்று தடவை அப்படியே ஆயிற்று. துளசிங்கம் அகழிக்கரையில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையில் கயிற்றில் கட்டிய கல் இருந்தது.

“இன்னா எல்லம்மா, நண்டோட கயிறு இழுக்கிற பந்தயமா? யாரு ஜெயிச்சா?”

“நீ இன்னாண்ணே கல்லக் கட்டிக்கினு வந்துக்கிறே? விழறதுக்கா?”

“ஆழம் பார்க்க. வலை வீசறதுக்கு முந்தி ஆழம் தெரிஞ்சிக்கணும் பாரு.” கல்லை எறிந்து, இழுத்து, நனைந்த கயிற்றை விரலால் அளந்தான். “சரியாத்தான் கீது.”

“கடல் அவ்ளோ பெருசா கீதே. அது பத்தலியா?”

“மழையில கடலும் பேஜாருதான்.” எழுந்துகொண்டான். அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. “எனக்கும் அடுப்பு கீது எல்லம்மா.”

அவன் போன பிறகு எல்லம்மா மறுபடி குச்சியை எடுத்தாள்.

பெருமாள் திங்கட்கிழமை தன் பங்குக்கு ஒரு வழி சொன்னான். ஒடித்த கொடுக்கைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து ஒட்டிவிடலாம். கோட்டைச் சுவரே அதில்தான் நிற்கிறது, ஒரு கொடுக்கு நிற்காதா? எல்லம்மா அவனைத் திட்டினாள். பிறகு அவன் வெளியே போனதும் ஒட்டிப் பார்த்தாள். முனையில் வெள்ளைப் பூச்சோடு நண்டு அசையாமல் இருந்தது. நிஜமாகவே முழு நண்டு மாதிரி இருந்தது. அப்புறம் அது நடந்தது. கொடுக்குகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

புதன்கிழமை பெருமாள் சூளையில் கட்டைவிரலைச் சுட்டுக்கொண்டு வந்தான். யாரோ துணியைச் சுற்றி, விரலை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சோறு பிசைய வரவில்லை. சொம்பைத் தூக்க வரவில்லை.

“கட்டைவெரலு போனா கையே போன மாதிரிடி. ஒரு முடிச்சை அவுக்க முடியல. இத அவுத்து வுடு.”

எல்லம்மா முடிச்சை அவிழ்க்கவில்லை. அவன் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எதையாச்சும் ஒடிக்க முடியுமா இதுல?”

“உன் கழுத்த ஒடிக்க முடியாது. வேற இன்னா வோணும்?”

வியாழக்கிழமை காலை நீர் வற்றும் நேரத்தில் எல்லம்மா அகழிக்கு வந்து முதலில் கொஞ்சம் இறால் தடவினாள். வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு சேர்த்துப் பனைநாரால் ரங்கம்மாளைக் கட்டச் சொன்னாள். இறுக்கிக் கட்டினாள் ரங்கம்மாள். எல்லம்மா தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் இடுப்புப் புடவையில் செருகிக்கொண்டாள், அதுவும் போய்க் குறுக்கே ஏதாவது செய்துவிடாமல் இருக்க.

“ஏமே, பார்த்தா கோட்டையில புடிச்சிக் கட்டி வெச்ச திருடி மாதிரி கீறே.”

“பறியை வாயில குடு.”

மதகுக் கல்லிடுக்கில் ஒரு பெரிய நண்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். பொந்து ஆழம். கையை முழங்கை வரை விட வேண்டும். யாரும் விட்டதில்லை. எல்லம்மா அதன் முன்னால் குனிந்தாள். தண்ணீர் அவள் தாடையைத் தொட்டது. கையை விட்டாள். முதலில் சேறு. பிறகு கல். பிறகு ஓடு. கட்டைவிரல் நாருக்குள் துடித்தது, போக இடம் இல்லாமல் அடங்கியது. அந்தச் சமயம் பார்த்து நண்டு அவள் ஆட்காட்டி விரலைப் பிடித்தது.

எல்லம்மாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயில் பறி இருந்தது, பறியில் காலையில் பிடித்த இறால் இருந்தது. கயிற்றை இன்னும் இறுக்கிக் கடித்தாள். கையை மெதுவாக வெளியே இழுத்தாள். நண்டும் கூடவே வந்தது. கொடுக்கு ஒன்று விரலில். இன்னொன்று காற்றில் அகலத் திறந்திருந்தது.

ரங்கம்மாள் அவள் இடுப்பில் செருகிய இடது கையை உருவிவிட்டாள், கரையேற வேண்டுமே என்று.

எல்லம்மா அகழியிலிருந்து ஏறி, தண்ணீர்வாசல் வழியாக நடந்தாள். வலது கையை முன்னால் நீட்டி, நண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடந்தாள். முகத்தில் கண்ணீர் ஓடியது. காவலுக்கு நின்ற சிப்பாய் யார் என்று கேட்க வாயைத் திறந்தான், நண்டைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

பூவரச மரத்தடியில் பிள்ளைகள் ஏற்கனவே வந்திருந்தார்கள். வாத்தியார் இருந்தார். கொஞ்சம் தள்ளிக் கையில் பிரம்போடு கப்பித்தான் நின்றிருந்தான். அவனுக்கும் தள்ளி, ஒரு கால் மேல் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு துளசிங்கம் நின்றிருந்தான்.

முதலில் பார்த்தது கத்தரீனா.

“கொடுக்கு,” என்றாள். பிறகு சத்தமாக, “கொடுக்கு! ரெண்டு!”

வாத்தியார் பிரித்துவிட ஓடிவந்தார். எல்லம்மா தலையை வேகமாக ஆட்டினாள். இழுத்தால் நண்டு கொடுக்கை விட்டுவிட்டு உடம்பை மட்டும் காப்பாற்றிக்கொள்ளும். விரலில் கொடுக்கும், தொட்டியில் கொடுக்கில்லாத நண்டும் என்றால் இத்தனையும் வீண். இதை வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை. அவரைத் தோளால் தள்ளிவிட்டு, கையைத் தொட்டிக்குள் இறக்கினாள். மணிக்கட்டு மூழ்கும்வரை இறக்கி, அசையாமல் நின்றாள்.

பிள்ளைகள் குனிந்தார்கள். இரண்டு மடவைக் குஞ்சுகள் வந்து நண்டைப் பார்த்துவிட்டுப் போயின. நண்டு கால்களால் அடியைத் தேடியது, சேற்றைத் தொட்டது. கொடுக்கு மெல்லத் திறந்தது. நண்டு பின்னால் நகர்ந்து போய்விட்டது.

எல்லம்மா கையை எடுத்துக்கொண்டாள். பறியை வாயிலிருந்து இறக்கி வைத்தாள். தாடை மரத்துப்போயிருந்தது.

“இப்போ பாருங்க,” என்றாள்.

“ஏன் வுட்டுடுச்சு?” என்று கேட்டான் ஒல்லிப் பையன்.

“தண்ணி கெடச்சிடுச்சு. ஓடிப்போக எடம் கீது. என்னை ஏன் இன்னமும் புடிச்சிக்கினு இருக்கும்?”

கத்தரீனா நண்டைப் பார்க்காமல் எல்லம்மாவைப் பார்த்தாள்.

“அப்போ மத்ததுக்கெல்லாம்?”

“மத்ததுக்கும் இருந்துது பாப்பா. நான்தான் ஒடிச்சேன்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும்.”

சிறுமி யோசித்தாள். கோபப்படப்போகிறாள் என்று எல்லம்மா நினைத்தாள். ஆனால் அதற்குள் தொட்டியில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. புது நண்டு ஒரு நத்தையைப் பிடித்திருந்தது. ஒரு கொடுக்கால் நத்தையைத் திருப்பிப் பிடித்து, இன்னொன்றால் ஓட்டின் விளிம்பை உடைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டாக விழுந்தது. பிள்ளைகள் அந்தச் சத்தத்தை எண்ண ஆரம்பித்தார்கள்.

“இதான் நசுக்குது!” என்று கத்தினான் ஒல்லிப் பையன். “ஏரியில இதுவே நசுக்கிக்குது!”

வாத்தியார் அவனைப் பார்த்த பார்வையில் எல்லம்மாவுக்கு விரல் வலி கொஞ்சம் மறந்துபோயிற்று.

நத்தை முடிந்ததும் நண்டு அங்கேயே நிற்கவில்லை. கொடுக்கில்லாத நண்டுகள் இருந்த மூலையை நோக்கி நடந்தது. அவற்றில் சின்னதை ஒரு கொடுக்கால் பிடித்து, இன்னொன்றைத் திறந்தது. ஒரு கால் முறிந்தது. கத்தரீனா அலறினாள். எல்லம்மா கையை விட்டுப் பெரிய நண்டைப் பின்பக்கமாக அமுக்கினாள். கட்டைவிரல் நாருக்குள் மறுபடியும் துடித்தது. கட்டு இல்லாமல் இருந்திருந்தால் கப்பித்தான் கண்ணெதிரேயே எல்லாம் முடிந்திருக்கும். வாத்தியார் மற்ற மூன்றையும் எடுத்துத் தண்ணீர் வைத்திருந்த பெரிய மண்சாலில் போட்டதும் எல்லம்மா பிடியை விட்டாள்.

கப்பித்தான் இப்போது கிட்டே வந்து, நண்டு நிஜமா என்று பார்க்கிறவன் போலப் பிரம்பின் நுனியைத் தண்ணீரில் விட்டான். நண்டு பிரம்பைப் பிடித்தது. இழுத்தான். விடவில்லை. இன்னும் பலமாக இழுக்க அவனுக்குத் தயக்கமாக இருந்தது, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் மொழியில் ஏதோ சொன்னான். கத்தரீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அகழி உங்களுக்குத்தான்னு சொல்றாரு,” என்றார் வாத்தியார். “ஆனா பிரம்பை வாங்கித் தரணுமாம்.”

“அவசரப்பட வாணாம்னு சொல்லுங்க,” என்றாள் எல்லம்மா. “அதுக்குத் தோணும்போது வுடும்.”

கப்பித்தான் பிரம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். துளசிங்கம் அகழிப் பக்கம் ஒருமுறை பார்த்தான். போகும்போது எல்லம்மாவின் விரலைக் கவனித்து நின்றான்.

“வேப்பெண்ணெ போடு,” என்றான். “நகம் பூடும் பாரு, ஆனா வந்துடும்.”

“நீ வாயேன் மழைக்கு. ஒரு மூலையில எறங்கித் தடவு.”

“பல்லுல பறியைக் கடிச்சிக்கினா? எங்க ஊர்ல பார்த்தா என்னைத் தள்ளி வெச்சுடுவாங்கோ.” சிரித்துக்கொண்டே போனான். கயிற்றில் கட்டிய கல் அவன் தோளில் ஆடியது.

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது கத்தரீனா வரவில்லை. சாலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுங்களுக்கு மறுபடி கொடுக்கு வருமா?”

“ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சின்னதுன்னு சிலது அகப்படும். ஒடிஞ்ச எடத்துல மொளைக்குதுன்னு சொல்லுவாங்கோ.”

“எத்தனை நாள்ல?”

“தெரியாது பாப்பா. ஒடிச்சதோட சரி. அப்புறம் நான் பார்த்ததில்ல.”

சிறுமி இதைக் கேட்டுத் திருப்தி அடைந்தவள் போலத் தலையை ஆட்டினாள். “நான் பார்த்துச் சொல்றேன்,” என்றாள். வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் கைப்பலகையில் போன வாரம் வரைந்த நண்டுக்குப் பக்கத்தில் இரண்டு கொடுக்குகள் தனியாக வரையப்பட்டிருந்தன. நண்டோடு இன்னும் சேர்க்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எல்லம்மாவின் விரல் வீங்கியிருந்தது. பெருமாள் கட்டுப்போடாத கையால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினான். அவள் அகழிக்குப் போய் இடது கையால் தடவினாள். இறால் குறைவாகத்தான் கிடைத்தது. ரங்கம்மாளுக்கு நிறையக் கிடைத்தது. மத்தியானத்துக்குள் எல்லம்மாவுக்கு ஒரு நண்டு அகப்பட்டது. அதன் கொடுக்குகளை ஒடித்து மடியில் போட்டுக்கொண்டாள். கரையேறியதும் தொட்டிப் பக்கம் போய், நத்தையை நசுக்கிச் சாலில் இருந்த மூன்று நண்டுகளுக்கும் போட்டாள். தின்றன. சாயங்காலம் தூறல் விழுந்தது. ரசம் வைத்தாள். முதல் வாரத்து ரசம் போல இல்லை என்றான் பெருமாள்.